மே மாதப் பறவைப் போட்டிக்கு விதி எழுதும் நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

நெல்லை, தூத்துக்குடி வட்டாரப் பறவை நோக்கர் குழுக்களின் ஒருங்கிணைப்பாளர்களுக்கும், அணித் தலைவர்களுக்கும், இந்த ஆண்டு முதன்முறையாக இருநோக்கியைக் கழுத்தில் மாட்டிக்கொள்ளப்போகிற மாணவர்களுக்கும் வணக்கம்.

மே மாத இரண்டாம் சனிக்கிழமைக்கான சுற்றறிக்கை கைக்கு வந்தது. அணிக்கு நான்கு பேர், ஒரு வண்டி. காலை 5 மணி முதல் மாலை 6 மணி வரை இரண்டு மாவட்ட எல்லைக்குள் எங்கு வேண்டுமானாலும் போகலாம். அதிக வகைப் பறவைகளைப் பதிவுசெய்த அணிக்குக் கோப்பை. போன ஆண்டு விதிகளேதான். தேதியை மட்டும் மாற்றியிருக்கிறீர்கள். விதிகளை இறுதி செய்யும் கூட்டம் இன்னும் கூடவில்லை என்பதால்தான் இதை எழுதுகிறேன். அந்தக் கடைசி விதியை எடுத்துவிடுங்கள். மே மாதத்தில் நீளமான பட்டியலுக்குக் கோப்பை கொடுக்காதீர்கள்.

போட்டியே வேண்டாம் என்று சொல்கிறவன் அல்ல நான். இந்த வட்டாரத்தில் பறவை பார்க்க வந்தவர்களில் பாதிப் பேரை இழுத்துவந்தது போட்டிதான். கத்திரி வெயில் கொளுத்தும் நாளில் கல்லூரி மாணவன் ஒருவன் விஜயநாராயணம் பெரிய குளத்துக் கரையில் தொப்பியோடு நிற்கிறான் என்றால், அடுத்த அணி தன்னை முந்திவிடக்கூடாது என்ற துடிப்பும் அதற்கு ஒரு காரணம். மாலையில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, நீங்கள் பார்த்தது பொரி உள்ளானா பச்சைக்கால் உள்ளானா என்று ஒருவரையொருவர் குடைந்தெடுப்போமே, அந்தச் சண்டைக்காகவே நான் ஆண்டு முழுவதும் காத்திருப்பேன்.

பறவை எண்ணும் பழக்கத்தின் வேரிலேயே ஒரு போட்டி இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் அமெரிக்காவில் கிறிஸ்துமஸ் நாளன்று அணி பிரிந்து வேட்டைக்குப் போவார்கள். எந்த அணி அதிக உயிர்களைச் சுட்டு வீழ்த்தியதோ அதற்கே வெற்றி. சுடுவதற்குப் பதிலாக எண்ணுவோம் என்று 1900ஆம் ஆண்டு கிறிஸ்துமஸுக்கு ஆட்களைத் திரட்டியவர் ஃபிராங்க் சாப்மன் என்ற பறவையியலாளர். 27 பேர், 25 இடங்கள். அது இன்றுவரை நின்றபாடில்லை. 1984இல் நியூஜெர்சி மாநிலத்தில் மே மாதத்தில், ஒரே நாளில் யார் அதிக வகை பார்க்கிறார்கள் என்ற அணிப் போட்டி தொடங்கியது. நம்முடையது ஏறக்குறைய அதன் நகல். நாம் தேர்ந்தெடுத்திருக்கும் நாளோ, கார்னெல் பறவையியல் ஆய்வகம் 2015 முதல் நடத்திவரும் உலகளாவிய பறவை நாள்.

நியூஜெர்சியின் மே மாதம் வேறு, நம் மே மாதம் வேறு. அங்கே அது வலசைப் பறவைகள் தெற்கிலிருந்து வடக்கே பறந்துகொண்டிருக்கும் காலம். இன்று வந்தது நாளை போய்விடும். விரட்டி விரட்டிப் பட்டியல் போடுவதில் அங்கே ஓரளவு நியாயம் இருக்கிறது. நமக்கு அந்தக் காட்சி கிடைப்பது பொங்கல் சமயத்தில். வடக்கிலிருந்து வந்த வாத்துகளும் உள்ளான்களும் குளம் குளமாக நிறைந்திருக்கும். அவற்றுக்கு இங்கே கூடு கிடையாது, குஞ்சு கிடையாது. நாம் கொஞ்சம் நெருங்கினால் எழும்பி அடுத்த குளத்தில் இறங்கிக்கொள்ளும். அந்த நாட்களில் நீங்கள் எத்தனை வகை வேண்டுமானாலும் துரத்துங்கள், நானும் வருகிறேன்.

சித்திரை பிறந்ததும் நிலைமை தலைகீழாகிவிடுகிறது. வந்தவை பெரும்பாலும் போய்விட்டன. தோட்டத்துப் புதரில் காலையும் மாலையும் குரல் கொடுத்துக்கொண்டிருந்த ஆறுமணிக் குருவிகூட வடக்கே கிளம்பியிருக்கும். மிச்சமிருப்பவை இந்த மண்ணிலேயே குடித்தனம் நடத்துபவை. ஆள்காட்டி வெறுந்தரையில் முட்டையிட்டிருக்கும். பஞ்சுருட்டான் குளத்துக் கரை மண்ணில் வளை தோண்டியிருக்கும். பட்டுப்போன பனையின் பொந்தில் பனங்காடை. உப்பளத்து வரப்பில் நெடுங்கால் உள்ளானும் சின்ன ஆலாவும். காக்கைக் கூட்டைச் சுற்றி ஆண்குயில் கத்தித் திரிந்து காக்கையைத் தன் பின்னால் இழுத்துப்போகும்; பெண்குயில் அந்த நேரம் பார்த்து முட்டையிட்டுவிட்டு நழுவும். பார்க்கும் பக்கமெல்லாம் கூடு இருக்கிற மாதத்தில், வகை கூடக் கூட மதிப்பெண் என்று விதி வைத்து நான்கைந்து வண்டிகளை அவிழ்த்துவிடுகிறோம்.

போன ஆண்டு எல்லா அணிகளும் ஏறக்குறைய ஒரே வழியில்தான் ஓடின. விடியும்போது மலை, எட்டரை மணிக்குக் குளம், உச்சிவெயிலில் செம்மணல் தேரி, மாலையில் உப்பளம். மதியத்துக்குள் எளிதில் கிடைக்கும் வகைகளை எல்லோரும் பார்த்து முடித்துவிடுகிறார்கள். பிறகு ஒவ்வொரு வகைக்கும் மெனக்கெட வேண்டியிருக்கிறது. தவறு நடப்பது அந்த நேரத்தில்தான். மூன்று வகை பின்தங்கியிருக்கிறோம், மணி இரண்டு, ஒரு புதருக்குள் ஏதோ அசைகிறது என்றால், வழக்கமாக நிதானமாக இருப்பவரின் கால்கூட ஓரடி முன்னால் போய்விடுகிறது.

நான் நேரில் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். எந்த அணி என்று சொல்லமாட்டேன். சொன்னால் பேச்சு ஆளைப் பற்றிப் போய்விடும். வற்றிய குளத்தின் உட்புறம். தரை வெடித்துப் பாளம் பாளமாகக் கிடக்கிறது. செம்மூக்கு ஆள்காட்டி ஒன்று தலைக்கு மேலே சுற்றிச் சுற்றிக் கத்திக்கொண்டிருந்தது. கீழே மாட்டுக் குளம்படி ஆழத்தில் ஒரு பள்ளம், ஓரத்தில் சின்னச் சின்னக் கற்கள், காய்ந்த ஆட்டுப் புழுக்கை. நடுவில் நான்கு முட்டைகள், கூர்முனைகள் உள்பக்கம் ஒன்றையொன்று தொடும்படி. அதிலிருந்து சில எட்டு தள்ளி அணியின் தொலைநோக்கியைத் தாங்கும் முக்காலி நின்றது. அவர்கள் முட்டையைப் பார்க்கவே இல்லை. தூரத்தில் நீர் மிச்சமிருந்த குட்டையில் ஒரு உப்புக்கொத்தியை அடையாளம் காணும் மும்முரத்தில் இருந்தார்கள்.

இந்த வெயிலில் ஆள்காட்டி முட்டையின் மேல் உட்காருவது சூடேற்றுவதற்காக அல்ல, சூடு தணிப்பதற்காக. தன் உடம்பால் நிழல் கொடுக்கிறது. அது போதாதபோது குட்டைக்குப் போய் வயிற்று இறகை நீரில் நனைத்துக்கொண்டு வந்து அந்த ஈரத்தோடு முட்டைகளின் மேல் உட்காருகிறது. அன்று அந்தப் பறவை நனைந்த வயிற்றோடு வந்து இறங்கி, நான்கைந்து அடி நடந்து, ஆட்களைப் பார்த்து மறுபடி எழும்பியது. நான் போய்ச் சொன்னதும் அவர்கள் பதறிப்போய் முக்காலியைத் தூக்கிக்கொண்டு விலகினார்கள். நல்ல மனிதர்கள்தான். ஆனால் ஆள்காட்டி அவர்கள் பட்டியலில் காலை ஆறு மணிக்கே ஏறிவிட்டது. அதன்பிறகு அது என்ன கத்தினாலும் காதில் விழவேண்டிய அவசியம் நம் போட்டி விதியில் இல்லை.

மலையில் இன்னும் மோசம். அகத்தியமலைத் தொடரின் உயரமான சோலைகளில் வெண்வயிற்றுச் சோலைக்கிளியும் அசம்பு சிரிப்பானும் இருக்கின்றன. மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியைத் தவிர உலகத்தில் வேறெங்கும் கிடைக்காத பறவைகள். அசம்பு சிரிப்பானின் வீடு அச்சன்கோவில் கணவாய்க்குத் தெற்கே உள்ள மலைகள் மட்டும்தான். கிளைக்குள் பதுங்கும் பறவையை வெளியே வரவழைக்க, கைப்பேசியில் அதன் குரலை ஒலிபரப்புவது பலருக்கு வழக்கமாகிவிட்டது. சிறிய ஸ்பீக்கரைப் பையில் வைத்திருப்பவர்களும் இருக்கிறார்கள். குரல் கேட்டதும் ஆண்பறவை பாய்ந்து வரும். நமக்குக் காட்சி கிடைத்துவிடும். அது வந்தது நம்மைப் பார்க்க அல்ல. தன் எல்லைக்குள் இன்னொரு ஆண் புகுந்துவிட்டது என்று எண்ணி, இரை தேடுவதையும் கூட்டைக் காப்பதையும் விட்டுவிட்டுச் சண்டைக்கு வந்திருக்கிறது. கைக்குழந்தை உள்ள வீட்டின் கதவை நடுராத்திரியில் தடதடவென்று தட்டிவிட்டு ஓடுவதற்கும் இதற்கும் அதிக வித்தியாசம் இல்லை. ஒரு அணி தட்டினால்கூடப் பொறுக்கலாம். ஒரே காலையில் எல்லா அணிகளும் ஒரே வளைவில் வண்டியை நிறுத்தித் தட்டுகின்றன.

சட்டம் இதில் நம்மில் பலர் நினைப்பதைவிடக் கறாரானது. 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் ‘வேட்டை’ என்பதற்குக் கொடுக்கும் விளக்கத்தில், காட்டுப் பறவைகளின் முட்டையைச் சேதப்படுத்துவது மட்டுமல்ல, முட்டைக்கோ கூட்டுக்கோ தொந்தரவு தருவதும் அடக்கம். துப்பாக்கியை விட்டுவிட்டு இருநோக்கியை எடுத்த கூட்டம் நாம். மே மாதத்தில் கவனம் தப்பினால் சட்டத்தின் கண்ணில் பழைய இடத்துக்கே போய் நிற்போம். இதைச் சொல்லிப் பயமுறுத்துவது என் நோக்கம் அல்ல. சுற்றறிக்கையில் இந்த ஒரு வரியாவது இருக்கவேண்டும்.

நம் சுற்றறிக்கையில் கூந்தன்குளமும் ‘கட்டாயம் போகவேண்டிய இடம்’ என்று இருக்கிறது. 1994இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட ஊர். கூழைக்கடாவும் சங்குவளை நாரையும் குளத்துக் கருவேல மரங்களில் மட்டுமல்ல, ஊருக்குள் வீட்டு முற்றத்து மரங்களிலும் கூடு கட்டும். எச்சமும் மீன்வாடையும் வீட்டு வாசலில்தான். அந்த ஊர்க்காரர்கள் அதைச் சகித்துக்கொண்டு, பறவை மிரளும் என்று பட்டாசு வெடிக்காமல் இருக்கிறார்கள். கூட்டிலிருந்து விழுந்த குஞ்சை எடுத்து மீன் ஊட்டி வளர்த்துவிடும் வழக்கமும் அங்கே உண்டு. சிவகங்கை மாவட்டம் வேட்டங்குடியில், கொள்ளுக்குடிப்பட்டி மக்கள் தீபாவளிக்கே வெடி வெடிப்பதில்லை. பறவைகளுக்காகப் பட்டாசையே விட்டுக்கொடுத்த கூந்தன்குளத்துக்காரர்கள் ஊருக்குள், நாம் நான்கு வண்டிகளில் போய் இறங்கி, கதவுகளைப் படார் படாரென்று சாத்தி, பத்து நிமிடத்தில் எட்டு வகை என்று குறித்துக்கொண்டு கிளம்புகிறோம். அங்கே மே மாதத்தில் பல கூடுகளில் குஞ்சுகள் இருக்கும். தாய் எழும்பினால் காக்கை காத்திருக்கிறது. இதை நான் உங்களுக்குச் சொல்லிக்கொடுக்கவேண்டியதில்லை. உங்களில் சிலர்தான் எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தீர்கள்.

இன்னொரு குறையும் இருக்கிறது. அது பறவைக்கு நேரும் தொல்லையைப் பற்றியதல்ல. நாம் திரட்டும் தகவல் யாருக்கும் உதவாமல் போவதைப் பற்றியது.

வகைக்கு ஒரு மதிப்பெண் என்றால், ஒரு பனங்காடையும் ஒன்று, நாற்பது பனங்காடையும் ஒன்று. முதல் பனங்காடையை மின்கம்பியில் பார்த்த நொடியிலேயே அந்த வகை முடிந்துவிடுகிறது. அதன்பிறகு வழியெல்லாம் எத்தனை கம்பியில் உட்கார்ந்திருந்தாலும் வண்டி நிற்பதில்லை. பறவைப் பதிவுகளை ஏற்றும் ஈபேர்ட் இணையதளத்தில், எண்ணிக்கைக் கட்டத்தில் ‘பார்த்தோம், எண்ணவில்லை’ என்பதற்கான ஒரு எக்ஸ் போட்டுவிட்டுப் போய்விடுகிறோம். போன ஆண்டுப் பட்டியல்களைத் திறந்து பாருங்கள், எத்தனை எக்ஸ் என்று.

2023இல் வெளிவந்த இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை 942 வகைகளை மதிப்பிட்டது. அதற்கு அடிப்படை, நாடு முழுவதும் 30,000க்கும் மேற்பட்ட பறவை நோக்கர்கள் ஈபேர்டில் ஏற்றிய சுமார் 3 கோடிப் பதிவுகள். நம் பட்டியல்களும் அந்தக் குவியலில் கலந்தவைதான், பெருமைப்படலாம். ஆனால் நீண்டகாலப் போக்கைச் சொல்லும் அளவுக்குத் தகவல் கிடைத்தது 338 வகைகளுக்கு மட்டுமே. அவற்றில் 60 விழுக்காடு குறைந்திருக்கின்றன. குயிலும் மயிலும் பெருகியிருக்கின்றன. அதை நம் வயல்காரர்கள் யாரும் அறிக்கை படித்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. பனங்காடையோ கணிசமாகக் குறைந்திருக்கிறது. அதன் பாதுகாப்பு நிலையை உலக அளவில் மறுபடி பரிசீலிக்கவேண்டும் என்று அந்த அறிக்கை சொல்கிறது.

பனங்காடை நம் ஊர்ப் பறவை. பட்டுப்போன மொட்டைப் பனை அதற்குப் பிரசவ அறை. பனைமரத்தை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021இல் அரசு அறிவித்தது. பட்ட பனைக்கும் மதிப்பு உண்டு என்று அதிகாரிகளிடம் போய்ச் சொல்லவேண்டுமானால் நம் கையில் எண்ணிக்கை வேண்டும். ‘நம் மாவட்டத்தில் பனங்காடை உண்டு’ என்ற தகவலை வைத்துக்கொண்டு யாரிடமும் எதையும் கேட்கமுடியாது. இன்ன சாலையில், இன்ன ஊரிலிருந்து இன்ன ஊர் வரை, இந்த மே மாதத்தில் இத்தனை, போன மே மாதத்தில் இத்தனை என்று சொல்லமுடிந்தால் பேசலாம். அதற்கு யாராவது அந்தச் சாலையில் மெதுவாகப் போய் எண்ணவேண்டும். நம்மிடம் ஆட்களும் ஆர்வமும் இருக்கின்றன, நாளும் குறித்தாயிற்று. விதிதான் அவர்களை அந்தச் சாலையில் எண்பது கிலோமீட்டர் வேகத்தில் பறக்கவைக்கிறது.

சரி, என்ன செய்யலாம்? குறை மட்டும் சொல்லிவிட்டுப் போனால் ஒருங்கிணைப்பாளர்கள் என்னைத் திட்டுவார்கள். அந்த வேலை எவ்வளவு தொல்லை என்று எனக்குத் தெரியும்.

அமெரிக்காவில் நியூ ஹேவன் பறவைக் குழுவினர் 1992இல் ஒரு போட்டியைத் தொடங்கினார்கள். 17 அடி விட்டத்தில் தரையில் ஒரு வட்டம். அணியினர் அதற்குள் உட்கார்ந்துகொள்ளவேண்டும். வட்டத்துக்குள் இருந்தபடி பார்த்ததும் கேட்டதும் மட்டுமே கணக்கு. சோம்பேறிகளின் போட்டி என்று கேலி செய்தவர்கள் உண்டு. ஆனால் அது வேறு பல நாடுகளுக்கும் பரவியது. இதை நம் மே மாதத்துக்கு எடுத்துக்கொள்வோம். அணிக்கு ஒரு குளம், சீட்டுக் குலுக்கிப் போடுங்கள். கரையில் கூடுகளிலிருந்து தள்ளி, ஆலமர நிழலோ கல்மண்டபமோ பார்த்து, முதல்நாளே ஒருங்கிணைப்பாளர் ஒருவர் போய் வட்டம் குறித்துவிடட்டும். காலை 5.30 முதல் 9.30 வரை போதும். அதற்குமேல் கத்திரி வெயிலில் பறவையும் பேசாது, நமக்கும் மயக்கம் வரும்.

மதிப்பெண்ணை இப்படி வைக்கலாம். அரை மணிக்கு ஒரு முழுப்பட்டியல், ஒவ்வொரு வகைக்கும் எண்ணிக்கையோடு. எக்ஸ் போட்ட வகைக்கு மதிப்பெண் கிடையாது. இரை கவ்விப் பறக்கும் பறவை, கூடு கட்ட நாரோ குச்சியோ கொண்டுபோகும் பறவை ஆகியவற்றைப் பதிந்தால் கூடுதல் மதிப்பெண். ஈபேர்டில் அதற்கான இனப்பெருக்கக் குறியீடுகள் ஏற்கெனவே இருக்கின்றன, நாம்தான் தொடுவதில்லை. ஆனால் கூட்டுக்குள் முட்டை, கூட்டுக்குள் குஞ்சு என்ற பதிவுக்கு மதிப்பெண்ணே தரவேண்டாம். அதற்கும் மதிப்பெண் என்று வைத்தால் மறுநாளே கூடு தேடும் போட்டியாக மாறிவிடும். நம் ஆட்களை எனக்குத் தெரியும். ஒலிபரப்பினால் அணி நீக்கம். கூட்டுப் படம் எடுத்துப் பகிர்ந்தாலும் நீக்கம். பல இயற்கைப் புகைப்படப் போட்டிகளே கூட்டுப் படங்களை ஏற்பதில்லை, நாம் மட்டும் ஏன் தயங்கவேண்டும்?

பனங்காடைக்குத் தனியாக ஒரு கோப்பை வைக்கலாம் என்பது என் ஆசை. அணிக்கு ஒரு சாலை, சைக்கிளிலோ மெதுவாகப் போகும் பைக்கிலோ, கம்பி கம்பியாக எண்ணிக்கொண்டு போகவேண்டும். அதிகம் எண்ணியவருக்குக் கோப்பை என்று இதிலும் வைத்துவிடாதீர்கள். இல்லாத பனங்காடையும் பட்டியலில் ஏறும். ஒரே சாலையை இரண்டு அணிகள் தனித்தனியாக எண்ணட்டும். யாருடைய கணக்கு மற்றவர் கணக்குக்கு மிக நெருக்கமாக வருகிறதோ அந்த ஜோடிக்குக் கோப்பை.

விறுவிறுப்பு போய்விடும் என்று இளைஞர்கள் சொல்வார்கள். ஒரு குளத்தில் கிளம்பும் சீழ்க்கைச் சிறகி மந்தையை நான்கு பேர் தனித்தனியாக எண்ணி, நால்வரும் நான்கு எண் சொல்லும்போது எழும் கூச்சலை ஒருமுறை கேட்டுவிட்டு அதைச் சொல்லட்டும். வட்டத்துக்குள் நான்கு மணி நேரம் உட்கார்ந்தால், தெரிந்த பறவைகள்தான் வரும் என்பதும் சரியல்ல. தேடிப்போனால் ஓடுகிற காட்டுப்பறவை, அசையாமல் இருப்பவன் முன்னால் நடந்து கடக்கும். இதுவும் போட்டிக்கு அழகுதான். பெட்ரோல் செலவு மிச்சம் என்பதைப் பொருளாளருக்கு நினைவூட்டுகிறேன்.

வாகனமில்லாத மாணவர்கள் இதுவரை பார்வையாளர்களாகவே இருந்தார்கள் என்பதையும் கூட்டத்தில் பேசுங்கள். நம் போட்டியில் வென்றவர்கள் எல்லோரும் கார் உள்ளவர்கள். உள்ளூர்க் குளத்தங்கரையில் வட்டம் போட்டால், மேய்ச்சலுக்கு மாடு ஓட்டிவரும் பையனும் வந்து உட்காருவான். அவனுக்குத் தெரிந்த கூடுகளில் பாதி நமக்குத் தெரியாது.

நீளப்பட்டியல் ஓட்டத்தை விட மனமில்லாதவர்கள் அதைப் பொங்கல் விடுமுறைக்கு மாற்றிக்கொள்ளட்டும். அப்போது வண்டி ஓட்ட நான் தயார், வழியில் டீ என் செலவு. மே மாதத்துக்கு மட்டும் பழைய விதியே தொடருமானால் என் பெயரை அணியிலிருந்து எடுத்துவிடுங்கள். நான் அன்று காலை என் ஊர்க் குளத்தில் தனியாக எண்ணி அனுப்புகிறேன். விதி மாறினால், வட்டம் குறிக்கும் வேலைக்கு முதல்நாள் ஆள் வேண்டுமே, அதற்கு என்னைச் சேர்த்துக்கொள்ளுங்கள். சுண்ணாம்புப் பொடி நானே கொண்டுவருகிறேன், நூல்கயிறு மட்டும் யாராவது எடுத்துவரவும்.

அன்புடன்,
உங்களில் ஒருவன்